சுவர் ஓட்டையும் சிவப்பு மையும்

திருத்தங்கல்,
வியாழக்கிழமை.

ஆண்டவர் அருளால் நலமாயிருக்கும் அன்பு மாப்பிள்ளை சாம்சுந்தர் அவர்களுக்கு மாமா சவரியப்பன் எழுதிக்கொண்டது. இங்கே அத்தைக்கு முழங்கால் வலியும் எனக்கு உங்கள் ஆராய்ச்சியும் தவிர வேறு தொந்தரவு இல்லை. நெதர்லாந்தில் நீங்களும் வினோலியாவும் பேத்தி ஆஷ்லினும் குளிரில்லாமல் இருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் வினோலியா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள் என்பதால் கடிதம். மகளைக் கொடுத்த இடத்தில் குறை சொல்லக் கூடாது. ஆகவே இதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

உலகத்தில் எங்கேயோ கப்பல் நின்றால் இங்கே யார் யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று பல துறை சேர்ந்து ஆராய்கிறோம், மூன்று பேர் வருவார்கள், கவனித்துக்கொள்ளுங்கள் மாமா என்றீர்கள். இந்த ஊரில் பல துறை சேர்ந்து வந்தால் அதற்குப் பெயர் சோதனை என்பதை நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன். வெள்ளைக் காரிலிருந்து ஃபைலும் கையுமாக மூவர் இறங்கியதுதான் தாமதம், தெருவில் அத்தனை ஷட்டரும் இறங்கிவிட்டன. என் அட்டைப்பெட்டிப் பட்டறையில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பெண்களும் மாயம். வீடு வீடாகப் போய் "அது எங்க மாப்பிள்ளை அனுப்புன ஆளுகம்மா" என்று கெஞ்சிக் கூட்டிவருவதற்குள் மத்தியானமாகிவிட்டது.

மூவரில் பொருளாதாரம் படித்த ஆர்த்தி என்ற பெண்தான் கேட்டாள்: "பெட்டி அச்சடிக்கிற சிவப்பு மைக்கு வேண்டிய பொடி கப்பல்ல வருது. கப்பல் வரலேன்னா என்ன சார் செய்வீங்க?"

"சுவர் வழியா வரும்மா" என்றேன். அங்கேதான் பிடித்தது சனியன்.

பக்கத்துப் பட்டறை சங்கிலிமுத்து அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். என் வாசலை மறித்து லாரி நிறுத்திய தகராறில் பதினோரு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. ஆனால் நடுச்சுவரில் ஓர் ஓட்டை உண்டு. எங்கள் பட்டறையில் வேலை செய்யும் பாண்டிச்செல்வி அதைப் பார்த்து, "மொதலாளிக்குப் பசை வேணுமாம்" என்று சொன்னால் பசை வரும். அங்கிருந்து காலி டின் நீண்டால் நாங்கள் மை ஊற்றுவோம். யார் எம்புட்டுக் கொடுத்தார் என்று இதுவரை யாரும் குறித்ததில்லை. இதைக் கேட்டதும் மூவருக்கும் முகமெல்லாம் பிரகாசம். ஓட்டையைப் போட்டோ எடுத்தார்கள், டேப் வைத்து அளந்தார்கள். அவர்களில் ஒருவரான கணக்கு நிபுணர் ஆழம் பார்க்கக் கையை உள்ளே விட்டார். அந்தப் பக்கம் யாரோ பழக்கதோஷத்தில் அவர் கையில் ஒரு பசை டின்னை வைத்துவிட்டார்கள்.

போன மாதம் அவர்களிடமிருந்து வண்ணத்தில் ஒரு படம் வந்தது. அதில் என் பட்டறை பெரிய வட்டம். அண்ணாச்சியின் பட்டறை மிளகளவு வட்டம், புள்ளிக்கோடு, பக்கத்தில் 'மாற்று ஏற்பாடு' என்று எழுத்து. மரியாதைக்கு அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள். "ஏலே, நான் என்ன அந்தாளுக்கு ஸ்டெப்னியாலே?" என்று அவர் போட்ட சத்தம் ஆமத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். சாயங்காலத்துக்குள் ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்.

உடனே கப்பலும் நின்றுவிட்டது மாப்பிள்ளை. கடைகளில் சிவப்பு மை இல்லை. சாத்தூர் பட்டாசுக் கம்பெனிக்குப் பூச்சட்டிப் பெட்டி லோடு சனிக்கிழமை ஏற வேண்டும். சிவப்பு இல்லாமல் ஒரு தாள் ஓட்டிப் பார்த்தேன். மஞ்சளும் நீலமும் மட்டும் விழுந்து, பெட்டிப் படத்து நெருப்பு பச்சையாக வந்தது. பாண்டிச்செல்வி பார்த்துவிட்டு, "என்ன மொதலாளி, முருங்கைக்கீரையா?" என்கிறாள். இருபத்தாறு வருஷத்து ஆர்டர். இது போனால் பன்னிரண்டு பேருக்கும் சீசனே இல்லை. அத்தை, "சுத்திப் போய் வாசல்ல நின்னு கேட்டாத்தான் என்ன?" என்கிறாள். பதினோரு வருஷம் பேசாத மனுஷனிடம் முதல் பேச்சே மை கேட்டா? எனக்கு அலுத்துவிட்டது. சனிக்கிழமையோடு பட்டறையைச் சாத்திவிடலாம் என்றிருக்கிறேன். படத்திலிருந்து அண்ணாச்சியை அழிக்கச் சொல்லவும். இனி ஒரு துறையையும் இந்தப் பக்கம் அனுப்ப வேண்டாம்.

வினோலியாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். ஆஷ்லின் நெற்றியில் எங்கள் பேரில் ஒரு சிலுவை போடவும். மாதா உங்களைக் காப்பாளாக.

அன்புள்ள மாமா,
சவரியப்பன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது சுவரில் உளிச் சத்தம். ஒரு செங்கல் இந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியாக ஒரு டின் சிவப்பு மை வந்தது, பின்னாலேயே விளிம்பில் கறுப்பு ஒட்டிய ஒரு காலி டின்னும் வந்தது. அவருக்குக் கறுப்பு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஊற்றிக் கொடுத்தேன். அப்போது அந்தப் பக்கமிருந்து பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாச்சி என்னிடம் பேசினார்.

"அந்த ஆளுக இதையும் எழுதிக்கிடுவாகளா?"

"எழுத மாட்டாக அண்ணாச்சி" என்றேன்.

ஆகவே பட்டறையைச் சாத்தவில்லை. படத்திலிருந்து அண்ணாச்சியை அழிக்கச் சொன்னதில் மாற்றமில்லை, ஓட்டை திறந்தது நமக்குள் இருக்கட்டும். சுவரை அடைத்தாயிற்று, இந்த ஊர் தாக்குப்பிடிக்காது என்றே அவர்களை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.