'யார் சொன்னது?' பாய்

கலெக்டரே நேரில் வந்து எழுதிவிட்டுப் போனாலும், அதற்குக் கீழே "யார் சொன்னது?" என்று எழுதும் துணிச்சல் இந்த உலகத்திலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் அரூர் பஸ் ஸ்டாண்டில் தையல் கடை வைத்திருந்த பாய்.

எண்பதுகளில் அவர் கடையை ஒட்டிய டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். சேலம் பஸ் பிரேக் டவுன், பாலக்கோட்டில் தக்காளி விலை, காணாமல் போன ஆடு, எல்லாம் அதில்தான் வரும். பாய் சொந்தமாக ஒரு செய்தியும் எழுதியதில்லை. அடுத்தவர் எழுதியதைத் திருத்துவார், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால், துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் கீழே "யார் சொன்னது?" விழும். ஆடு காணவில்லை என்றால் ஆட்டுக்காரர் கொட்டிலையே எட்டிப் பார்த்துவிட்டு வருவார். தைக்கக் கொடுத்த துணி மட்டும் தீபாவளி தாண்டித்தான் கைக்கு வரும்.

என் தங்கை கல்யாணத்தன்று காலை பாய் பலகைப் பக்கம் தலை நிமிரவில்லை. கல்யாண ரவிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது போதாதா? மாப்பிள்ளை வந்த வேன் பாப்பிரெட்டிப்பட்டியில் பஞ்சர். யாரோ ஒரு நல்லவர் "மாப்பிள்ளை வேன் பஞ்சர்" என்று எழுதினார். அடுத்த நல்லவர் அதை "மாப்பிள்ளை வரவில்லை" என்று சுருக்கினார். மூன்றாவது நல்லவர் முடிவே கட்டிவிட்டார்: "கல்யாணம் நடக்காது."

பஞ்சர் ஒட்டி வேன் மண்டபத்துக்கே வந்தாயிற்று. ஆனால் திருவண்ணாமலை பஸ்ஸில் வந்திறங்கிய எங்கள் சொந்தபந்தம் அத்தனையும் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தது. ரவிக்கை வாங்கப் போன நான் எவ்வளவு சொல்லியும் பலகையைத்தான் நம்பினார்கள். பெண் வீட்டு ஜனமே இல்லாத மண்டபத்தில் தங்கை எப்படி மணையில் உட்காருவாள்?

"பாய், அதை அழிங்க பாய்" என்று கெஞ்சினேன்.

ரவிக்கையை என் கையில் திணித்துவிட்டு நிதானமாகப் படித்தார். "தம்பி, நீ பொண்ணுக்கு அண்ணன். நடக்குதுன்னுதான் சொல்லுவ. உன் பேச்சு இதுல சேராது."

நானே அழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே அழித்திருப்பேன். அவரோ "யார் சொன்னது?" என்று எழுதிவிட்டு, செருப்பை மாட்டினார்.

"அப்ப கல்யாணம் நடக்குதுங்களா, இல்லீங்களா?" என்றார் என் பெரியப்பா.

"தெரியாதுங்க. பாக்கத்தான் போறேன். வரீங்களா?"

வேடிக்கை என்றால் நம் ஜனத்தைக் கேட்கவா வேண்டும்! மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் கிளம்பியது. டீக்கடையில் இருந்தவர்கள், பாலக்கோடு பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று வழியெல்லாம் ஆள் சேர்ந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது. பாய் முன்வரிசையில் நின்று, மூன்று முடிச்சும் விழும்வரை கண் கொட்டாமல் பார்த்தார். அட்சதை போட்டார். பந்திக்கு இழுத்தேன். வேலை கிடக்கிறது என்று ஓட்டமாய் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பலகையில் "நடக்காது" என்பதில் நடுவே மட்டும் விரலால் துடைத்து, "நடந்தது" ஆக்கினார். கீழிருந்த தன் கேள்வியையும் துடைத்தார். "இப்ப சரி" என்று சிரித்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

இப்போதும் எதை எழுதி முடித்தாலும், கடைசி வரிக்குக் கீழே அந்த நீலச் சாக்கட்டியைத் தேடுகிறேன். இதை நான்தான் சொன்னேன், பாய். சந்தேகமிருந்தால் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.