சனிக்கிழமை விமானம்

என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கல்யாணம் முடிந்து கிளம்பும்போது, மகளின் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார் மாமனார். மனைவியை இழந்தவர், ஒரே மகள். தேற்றுவோமே என்று நான்தான் சொன்னேன்.

"ஐந்நூறு கிலோமீட்டரெல்லாம் ஒரு தூரமா மாமா? ஃப்ளைட்ல ஒரு மணி நேரம். நெனச்சா வந்துரலாம்."

அவர் நினைத்துக்கொண்டே இருப்பார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த சனிக்கிழமை காலையில் காலிங்பெல் அடித்தது. கசங்காத சட்டை, கையில் சின்னப் பை. "நீங்க சொன்னது சரிதான் மாப்பிள்ள. வந்ததே தெரியல." சாயங்காலம் கிளம்பிவிட்டார். அதற்கடுத்த சனியும் வந்தார். அதற்கடுத்ததும்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சனி, ஞாயிறில்தான் அவள் முகத்தை நிதானமாகப் பார்ப்பேன். இப்போது அந்த முகம் அப்பா பக்கம் திரும்பியிருந்தது. புது மாப்பிள்ளை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், டெண்டர் விளம்பரம் உட்பட.

சரி, பயணத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வோம் என்று இறங்கினேன்.

"ஒரு மணி நேரம்னு சும்மா சொல்லிட்டேன் மாமா. ஏர்போர்ட் போறது, செக்கிங், வரிசை எல்லாம் சேத்தா அஞ்சு மணி நேரம். இந்த வயசுல எதுக்கு அலைச்சல்?"

அவர் யோசித்தார். "வாஸ்தவம். அஞ்சு மணி நேரம் வந்துட்டு அன்னைக்கே திரும்புறது முட்டாள்தனம்."

அன்றிலிருந்து ஞாயிறும் தங்கினார்.

அடுத்து, காற்றைத் துணைக்கு அழைத்தேன். "இப்ப எதிர்க்காத்து மாமா. திரும்பிப் போறப்ப இன்னும் லேட்டாகுதாம்."

"அப்ப காத்து குறையட்டும்" என்று திங்கட்கிழமையும் இருந்தார்.

கடைசியாகச் செல்போனில் வரைபடத்தைத் திறந்து, மலையெல்லாம் சுற்றிச் சாலை வழியாக அளந்து காட்டினேன். "பாருங்க, எண்ணூறு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எண்ணூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவன் ரெண்டு நாள்ல கிளம்புனா பாக்குறவன் என்ன நெனப்பான்? பொண்ணு வீட்ல சண்டைன்னு நெனப்பான்."

சோபாவில் போர்வை விரிந்தது. ஒரு வாரம்.

மனைவியைப் பிடித்துக்கொண்டேன். "உங்கப்பா எந்த ஃப்ளைட்லதான் வர்றாரு? உண்மையில எவ்வளவு நேரம் ஆகுது?"

"அவரையே கேளுங்க" என்று சிரித்தபடி தலைவாரினாள்.

அவரைக் கேட்டேன். "ஆகுறது ஆகுது மாப்பிள்ள" என்றார்.

இனி நானே ஏற்றிவிடுவது என்று டிக்கெட் போட்டுவிட்டேன். "சாயங்கால ஃப்ளைட் மாமா. கூடவே வந்து வழியனுப்புறேன்."

அவர் முகம் சுருங்கியது. "உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தெருமுனையில் நின்ற டாக்ஸிக்காரர் மாமனாரைப் பார்த்ததும் "வாங்கய்யா" என்று கதவைத் திறந்தார்.

"ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் மாமனார் தொண்டையைக் கனைத்தார். டாக்ஸிக்காரருக்கு அது உறைக்கவில்லை.

"ஏர்போர்ட்டுக்கு எதுக்கு சார்? பொண்ணு கல்யாணம் முடிஞ்ச வாரமே பின்தெரு சலூன் மாடிக்குக் குடிவந்துட்டாரே, பெட்டி படுக்கையை எறக்குனதே நான்தான். இங்கேருந்து நடந்தா ரெண்டு நிமிஷம்."