டேக்குக்கு அறுபத்திரண்டு அர்த்தம்

பதினாறு வருஷமாக நான் ஒட்டடைக் குச்சியைத் தொட்டதில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் வாசலில் செருகுவதற்குள் வீடு மொத்தமும் சுத்தமாகியிருக்க வேண்டும். சரியாக அந்த வாரம் பார்த்து எனக்குக் காங்கேயத்தில் அவசர வேலை வந்துவிடும். சூலூரில் எட்டுத் தறி ஓட்டுகிறவனுக்கு, தேங்காய் எண்ணெய் ஆலைகள் நிறைந்த ஊரில் என்ன அவசரம்? நானும் சொன்னதில்லை, என் மனைவி கீதாவும் கேட்டதில்லை.

இந்த வருஷம் காங்கேயத்துக்கு அவசியமே வரவில்லை. அதைவிடப் பெரிய சாக்கு கிடைத்தது. காலனிப் பொங்கல் விழாவில் இங்கிலீஷ் பேச்சுப் போட்டி. பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா டீச்சர்தான் நடுவர். சாதாரண இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு எத்தனை அர்த்தம் என்று மேடையில் சொல்ல வேண்டும். முதல் பரிசு ஷீல்டு.

"பேரு குடுத்துட்டு வந்துட்டேன்," என்று அறிவித்தேன்.

"நீங்களா?"

"ஏன், எனக்கென்ன கொறைச்சல்?"

"கொறைச்சல்னு ஆரு சொன்னா? எந்தம்பி கேட்டா சிரிப்பானேன்னு பாத்தேனுங்க."

அங்கேதான் சுருக்கென்றது. அவள் தம்பி பிரவின்குமாருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன தீபாவளிக்கு நான் அனுப்பிய இங்கிலீஷ் வாழ்த்தைத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பிய மகராசன். பொங்கலுக்கு இங்கேதான் வருகிறான். அவன் கண்ணெதிரே அந்த ஷீல்டை வாங்காவிட்டால் என் பெயர் பங்காரு இல்லை.

"ஆனா ஒண்ணு. இந்த வருசம் ஊடு சுத்தம்னு எங்கிட்ட வாயே தொறக்கக் கூடாது. நான் படிக்கோணும்."

"அய்யோ, படிக்கிறவங்களை ஆராச்சும் தொந்தரவு பண்ணுவாங்களா? நீங்க படிங்க."

இவ்வளவு லேசில் ஜெயித்துவிட்டோமே என்று எனக்கே ஆச்சரியம்.

'டேக்' என்ற வார்த்தையை எடுத்தேன். 'எடு' என்று ஒரே அர்த்தம்தானே என்ற நினைப்பு. அகராதியைப் பிரித்து எண்ணினால் அறுபத்திரண்டு வந்தது. பின்னால் டவுன் ஒட்டினால் ஒன்று, அவுட் ஒட்டினால் வேறொன்று. காலையில் படித்தது மத்தியானம் மறந்தது. மூன்றாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கீதா காபியோடு வந்தாள்.

"ஏனுங்க, வெறுமனே படிச்சா மண்டையில நிக்காதுங்க. செஞ்சு பாத்துப் படிக்கோணும்."

"எப்பிடி?"

"டேக் டவுன்னா என்னங்க?"

"கீழ எறக்குறது."

"அட்டாலி மேல பித்தளைப் பாத்திரம் அடுக்கியிருக்குதுங்க. ஒண்ணொண்ணா எறக்கிட்டே டேக் டவுன், டேக் டவுன்னு சொல்லுங்க. அப்புறம் மறக்குதான்னு பாக்கலாம்."

இறக்கினேன். முப்பத்தெட்டு உருப்படி. சத்தியமாக மறக்கவில்லை.

மறுநாள் டேக் ஆஃப். கழற்றுவது. எல்லா ஜன்னல் ஸ்கிரீனையும் கழற்றினேன். டேக் அபார்ட் என்றால் பிரிப்பது. மூன்று ஃபேன்களைப் பிரித்துத் துடைத்தேன். டேக் அவுட்டுக்கு உடைந்த பக்கெட்டும் எலி கடித்த மெத்தையும் வெளியே போயின. டேக் ஓவர் அன்றைக்குச் சமையலறையே என் பொறுப்பு. எண்ணெய்ப் பிசுக்கில் கை முழங்கை வரை வழுக்கியது. ஆனால் அர்த்தம் ஒன்றுகூட வழுக்கவில்லை.

"டேக் பேக்குன்னா என்னங்க?"

"எடுத்ததைத் திருப்பி வெக்கிறது. பாத்திரத்தை மேல வெச்சுரட்டுமா?"

"வெளக்காமயேவா வெப்பீங்க?"

"வெளக்குறதுக்கு டேக்குல ஒண்ணுமில்லையே!"

"டேக் பெயின்ஸ்னு இருக்குது பாருங்க. செரமப்பட்டுச் செய்யறது."

பார்த்தேன். இருந்தது. புளி போட்டு முப்பத்தெட்டையும் விளக்கினேன். படிப்பு என்று வந்துவிட்டால் நான் அப்படித்தான்.

கடைசியில் ஒன்றில் மட்டும் சிக்கிக்கொண்டேன்.

"டேக் ஃபார் எ ரைடுன்னா ஒருத்தரை நம்பவெச்சு ஏமாத்துறதாமா. இதை எப்பிடி அம்மணி செஞ்சு பாக்குறது?"

"அதுக்கு நீங்க தனியா ஒண்ணுஞ் செய்ய வேண்டாமுங்க."

நல்ல மனசு அவளுக்கு. ஒரு வேலையாவது குறைந்தது.

விழா நாள் வந்தது. எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் பத்து அர்த்தத்தைத் தாண்டவில்லை. நான் மைக்கைப் பிடித்தேன். அறுபத்திரண்டையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். கைதட்டலில் பந்தலே ஆடியது. முன்வரிசையில் பிரவின்குமார் வாயைப் பிளந்தபடி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷத்துக்காக இன்னும் முப்பத்தெட்டுப் பாத்திரம்கூட விளக்கலாம்.

"இத்தனையும் எப்படிங்க ஞாபகம் வெச்சீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"செஞ்சு பாத்துத்தானுங்க டீச்சர்! டேக் டவுன்னா அட்டாலிப் பாத்திரம். டேக் ஆஃப்னா ஸ்கிரீன். டேக் அபார்ட்னா ஃபேன். டேக் அவுட்டுன்னா பழைய மெத்தை. டேக் ஓவர்னா..."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. என் பட்டியலை என் காதாலேயே கேட்டபோதுதான் உறைத்தது. வருஷா வருஷம் நான் காங்கேயத்துக்கு ஓடியது இதே பட்டியலுக்குப் பயந்துதான்! கீதா பக்கத்து நாற்காலி அம்மாவிடம் ஏதோ மும்முரமாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

போகட்டும். பதினாறு வருஷச் சாதனை போனால் போகிறது, ஷீல்டு எனக்குத்தான்! பளபளவென்று தகட்டில் 'முதல் பரிசு, திரு. பங்காரு' என்று வெட்டியிருந்தது. மச்சினன் ஓடிவந்து கை கொடுத்தான். இங்கிலீஷில் வாழ்த்தினான். அதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று கவனித்துக் கேட்டேன். இல்லை. பரவாயில்லை என்று மன்னித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கீதாவின் முன்னால் ஷீல்டை நீட்டினேன்.

"எங்கிட்ட வேலை வாங்கிப்போட்டே. ஒத்துக்கறேன். ஆனா இது ஆரு பேரு, படி."

"உங்க பேருதானுங்க."

"மேடைய விட்டு எறங்கி அஞ்சு நிமிசங்கூட ஆகலை. அதுக்குள்ள பேரை வெட்டிக் கையில குடுத்துட்டாங்க. செயிக்கிறவனுக்கு மருவாதின்னா அதான் அம்மணி!"

அவள் ஷீல்டை வாங்கி, சுத்தமாக இருந்த அலமாரியில் வைத்தாள்.

"அஞ்சு நிமிசத்துல எப்பிடிங்க வெட்டுவாங்க? கடைக்காரரு ஒரு வாரம் ஆகும்னாரு. அதான் நீங்க பேரு குடுத்த அன்னிக்கே நானும் டீச்சரும் போயி ஆர்டர் குடுத்துப்போட்டு வந்துட்டோமுங்க."