மேலே போகாத கல்யாணங்கள்

திருப்பதி, காத்திருப்பதற்கென்றே உண்டான ஊர். அங்கே ஆயுளில் பாதியைக் கழித்தும் காத்திருக்கத் தெரியாத ஒரே மனிதர் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனர்தான். இட்லி வேகும்வரை பொறுக்க மாட்டார்; பாதி வெந்ததையே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அப்படிப்பட்டவரைப் போய் ஆன்லைன் ஸ்டோரேஜ் பிடித்துக்கொண்டது.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை. தெருவே அவரை 'அப்லோடு நைனா' என்றுதான் கூப்பிட்டது. நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. மாடி அறையில் நானும் முரளியும் குடியிருந்தோம். நான் அரக்கோணம், அவன் செய்யாறு. தினமும் கம்பெனி பஸ் பிடித்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வைஃபை உண்டு என்று சொன்னதால்தான் அந்த அறைக்கே வந்தோம். உண்டுதான், எங்களுக்கு என்று அவர் சொல்லவில்லை.

நைனா கல்யாண வீடியோ எடுத்தவர். நாராயணவனம் கோயிலில் தாலி கட்டிய ஜோடிகளில் பாதிப் பேர் அவருடைய கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டவர்கள். தொழிலை விட்ட பிறகு, எடுத்த கல்யாணங்களையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் அதற்குள்ளிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. ரிப்பேர் கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹார்ட் டிஸ்க் இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது. எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னொரு டிஸ்க்ல காப்பி எடுத்துடலாமே, நைனா?" என்று முரளி கேட்டான்.

"அதுவும் ஒரு நாளைக்குக் கடகடங்கும். மேல போனாத்தான்பா நிம்மதி."

திருப்பதியில் மேலே என்றால் மலை. காலையில் வாசலில் நின்றுகொண்டு அவர், "நேத்து ஒரே ஒரு கல்யாணம்தான் மேல போச்சு, இன்னொண்ணு பாதியில நிக்குது" என்பார். எதிர்வீட்டு அம்மாள் ரொம்ப நாள், மலைப்பாதையில் ஏதோ ஒரு கல்யாண கோஷ்டி வண்டி பஞ்சராகி நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தபோது அரை நாளில் முடிந்த கல்யாணம், ஏறுவதற்கு இரண்டு நாள் எடுத்தது. நடுவில் நெட் அறுந்தால் மறுபடி பிள்ளையார் பூஜையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நைனா திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "ஏறு, ஏறு" என்று அதட்டுவார். அது ஏறாது. நாங்கள் தொடக்கூடாதென்று வைஃபை பாஸ்வேர்டை தினமும் மாற்றினார். வேண்டுமென்றால் கீழே போய்க் கேட்க வேண்டும்.

"எதுக்கு?"

"அம்மாகிட்ட வீடியோ கால் பேசணும், நைனா."

"வாய்ஸ்ல பேசு. உன் மூஞ்சி இன்னா, அவங்களுக்குத் தெரியாததா?"

மோடம் சூடாகிறது என்று வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார். அவருடைய மனைவி, "எனக்கு வேர்த்து ஊத்துது, அந்தப் பொட்டிக்கு ஃபேனா?" என்று கேட்டார்.

"உனக்கு வேர்த்தா தொடச்சிக்குவ. அதுக்குக் கை கீதா?" என்றார் நைனா.

நெட் கம்பெனிக்கு வாரம் தவறாமல் போன் போடுவார். தெலுங்கில் ஆரம்பிப்பார், கோபம் வந்ததும் தமிழுக்கு மாறிவிடுவார். ஒரு முறை அங்கிருந்த பெண், "மோடம் ஒகசாரி ரீஸ்டார்ட் சேயண்டி சார்" என்று, மோடத்தை ஒரு தடவை அணைத்துப் போடச் சாந்தமாகச் சொன்னாள்.

"தாலி கட்டப்போற நேரத்துல மாப்பிள்ளைய ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வான்னு சொல்வியாம்மா நீ?"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள், கனெக்‌ஷன் மாப்பிள்ளை பெயரில் இருக்கிறதா என்று தெலுங்கில் விசாரித்தாள்.

சந்திரகிரியில் இருந்த தங்கை மகன் வீட்டில் நெட் பறக்கிறது என்று கேள்விப்பட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினார். துணைக்கு நான். பக்கத்து சீட்டு அம்மாள் கனிவாக, "கொழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"ஹார்ட்டு டிஸ்க்கு வீக்கும்மா."

அந்த அம்மாள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினார். "ஐயோ, இந்த வயசுலயா?" என்று பர்ஸிலிருந்து குங்குமம் எடுத்துப் போர்வையின் மேல் வைத்தார். நைனா அதைப் பணிவாக ஏற்றுக்கொண்டார். நாங்கள் போய் இறங்கியபோது சந்திரகிரியில் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று கேட்கக்கூட அவர் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினோம்.

இந்த நிலையில்தான் ஒரு பெண் போன் செய்தாள். சொந்த ஊர் பிச்சாட்டூர், இப்போது புனேயில் இருப்பவள். அவளுடைய அப்பா இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவளுடைய கல்யாண சிடி கீறல் விழுந்து ஓடவில்லை.

"எங்க நைனா நடக்கறது, பேசறது எல்லாம் அதுல மட்டும்தான் சார் கீது. போட்டோவுல சும்மா நின்னுக்கினு கீறாரு."

நைனா தேடி எடுத்தார். மற்ற கல்யாணங்களையெல்லாம் நிறுத்திவிட்டு அதை ஏற்ற ஆரம்பித்தார். டிஸ்கின் சத்தம் அப்போது சமையலறை வரை கேட்டது.

அதே வாரம் முரளியின் கான்ட்ராக்ட் முடிந்துபோனது. சென்னைக் கம்பெனி ஒன்று ஆன்லைனில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. எங்கள் சந்தில் மொபைல் சிக்னல் மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் அருகில் மட்டுமே, அதுவும் அதற்கு மனமிருந்தால் வரும். இன்டர்வியூ நாளன்று கீழே அப்லோடு தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"போய்க் கேளுடா" என்றேன்.

"வேணாம்டா. அது அந்தப் பொண்ணோட அப்பா" என்றான்.

மேலே இஸ்திரி போட்ட சட்டை, டை, கீழே லுங்கி, ஒரு கையில் லேப்டாப், மறுகையில் குடை. மே மாத வெயிலில் அவன் மொட்டைமாடிக்குக் கிளம்பியதை நைனா பார்த்துவிட்டார்.

"டையக் கட்டிக்கினு எங்க போற?"

முரளி சொன்னான். நைனா திரையைப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு. முரளியைப் பார்த்தார். மறுபடி திரை. கை மவுஸ் வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்திவிட்டார்.

"போ, உக்காரு. ஃபேனையும் எடுத்துக்கோ."

இன்டர்வியூ முடியும்வரை வாசலில் காவல் நின்றார். ஒலிபெருக்கியோடு வந்த காய்கறி வண்டியை மறித்து, "வாய மூடிக்கினு போப்பா" என்றார்.

"இது ரெகார்டிங் நைனா."

"அப்ப அதோட வாய மூடு."

முரளி வெளியே வந்து, ஒரு வாரத்தில் சொல்வார்களாம் என்றான். "அவனுங்களும் ஸ்லோதானா" என்று சொல்லிவிட்டு, நைனா உள்ளே போய்ப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்.

அடுத்த இரண்டு நாள் நாங்கள் செல்போனை அணைத்து வைத்தோம். படிக்கட்டில் செருப்பில்லாமல் நடந்தோம். நைனா வீட்டு அம்மாள் மிக்ஸி போடாமல் துவையலை அம்மியில் அரைத்தார். நெட்டுக்கும் மிக்ஸிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் நூறு வந்தது. நைனா புனேக்கு லிங்க்கை அனுப்பினார்.

மறுநாள் காலை வீட்டில் சத்தமே இல்லை. நிம்மதியாக இருக்கிறதே என்று நினைத்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. டிஸ்க் போய்விட்டது. மிச்சக் கல்யாணங்களும் அதோடு போயின. எந்தக் கடையிலும் மீட்க முடியவில்லை.

ஆறுதல் சொல்லக் கீழே போனோம். அம்மாள் காபி கொடுத்தபடி, "உடுங்க. வீடியோ போனா இன்னா, கல்யாணம் பண்ணவங்கல்லாம் நல்லா குடும்பம் நடத்திக்கினுதானே கீறாங்க" என்றார்.

நைனா கொஞ்சம் யோசித்து, "பாதிப் பேரு" என்றார்.

அப்போது புனேயிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். வீடியோவில் அவள் அப்பா பந்தியைப் பார்த்து, "ஏய், கடைசி வரிசைக்கு சாம்பார் போவல பாரு" என்று கத்துகிறாராம். குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பப் போட்டு, வீடு முழுக்கத் தாத்தா மாதிரி கத்திக்கொண்டு திரிகிறார்களாம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், பிறகு சிரிக்கவில்லை. போனை வைத்த நைனா, வேர்க்கிறது என்று சொல்லித் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார்.

முரளிக்கு அந்த வேலை கிடைத்தது; சென்னைக்குப் போனான். அடுத்த வருடம் நாராயணவனத்தில் எனக்குக் கல்யாணம். நைனாதான் வீடியோ எடுத்தார். கை நடுங்கியதில் பாதி நேரம் எனக்குத் தலை இல்லை. வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.