ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு றிச்சர்ட் வீடு

ஸ்காபரோ,
யூன் மாதம் 9ஆம் திகதி

இயேசு, மரி, சூசை மூவரும் வழித்துணை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய ஜோசப்பின் அக்கா அவர்களுக்கு, தங்கள் தம்பி அலெக்ஸாண்டர் பணிவுடன் வரைந்துகொள்வது. மன்னாரிலே வெயில் தணிந்து, தங்கள் முழங்கால் வலியும் தணிந்து, கோழிகள் யாவும் முட்டையிட்டுக்கொண்டு சுகமாயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் வேரோனிக்காவும் மகள் நடாஷாவும் தேவ கிருபையால் நலம். சரி, சுகம் விசாரிச்சாச்சு. 'அக்காவுக்குக் கடிதம் எழுத: முதலாவது, சுகம் விசாரிக்க' எண்டு போனிலை போட்டு வைச்சிருந்தனான், இப்ப அதிலை சரி போட்டிட்டன். போட்ட உடனை 'டிங்' எண்டு ஒரு சத்தம் வரும் அக்கா, அந்தச் சத்தத்தைக் கேக்கிறதுக்காகவே ஒரு மனிசன் நாள் முழுக்க வேலை செய்யலாம்!

அக்கா, ரிக்கற்றைப் போடுங்கோ! முதலிலை அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லுறன், இல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிடும். கனடா விசா குத்தின பாஸ்போட்டை அலுமாரிக்குள்ளை பூட்டி வைச்சுக்கொண்டு, 'நீங்கள் தம்பிமார் ரெண்டு பேரும் ஒண்டா எயாப்போட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் வாறன், இல்லாட்டி என்ரை காலடி அங்கை படாது' எண்டு சொன்னனியளெல்லே. ஏழு வருசம். நான் ஒரு பக்கம், உவன் றிச்சர்ட் ஒரு பக்கம். அவன் ஸ்ரௌவ்வில்லிலை வீடு வாங்கிக் குடிபூரேக்கை நேர வந்து ஒரு வார்த்தை சொல்லாமல், வட்ஸ்அப் குறூப்பிலை நூற்றிப் பன்னிரண்டு பேரோடை பேராய் எனக்கும் ஒரு மெசேச் போட்டவன். கூடப்பிறந்தவனுக்கு மெசேச்சோ? நான் போகேல்லை. நான் போகேல்லை எண்டு அவன் கதைக்கேல்லை. அவன் கதைக்கேல்லை எண்டு நானும் கதைக்கேல்லை. அந்தக் கோபம் முடிஞ்சுது அக்கா! முடிச்சு வைச்சது பாதருமில்லை, சொந்தக்காரருமில்லை, என்ரை போனுக்குள்ளை இருக்கிற ஒரு ஆப்!

உந்த ஆப் எப்பிடி வந்ததெண்டால், நான் பென்சன் எடுத்தாப் பிறகு எல்லாத்தையும் மறக்கத் துவங்கினன். தொழிற்சாலையிலை மணி அடிக்கும், அதுக்கேத்த மாதிரி முப்பது வருசம் ஓடினனான். வீட்டிலை ஆர் அடிக்கிறது? ஒருக்கா வேரோனிக்காவைத் தமிழ்க் கடையிலை இறக்கிப்போட்டு, வீட்டை வந்து தனியச் சாப்பிட்டுப் படுத்திட்டன். அவ மீனும் கையுமா ரெண்டு மணித்தியாலம் நிண்டிருக்கிறா. அண்டைக்குத்தான் நடாஷா 'அப்பா, இனி எல்லாத்தையும் இதுக்குள்ளை போடுங்கோ' எண்டு உதைப் பூட்டித் தந்தவள். செய்ய வேண்டியதை எழுதினால் நேரத்துக்கு மணி அடிக்கும், செய்தாப் பிறகு சரி போடலாம், வேற ஆக்களுக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கலாம். நான் பல்லு மினுக்கிறது, தேத்தண்ணி குடிக்கிறது, குப்பைத் தொட்டியை வெளியிலை வைக்கிறது எல்லாத்தையும் போட்டன். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு டிங்! வேரோனிக்கா எட்டிப் பாத்திட்டு, 'மூச்சு விடுறதையும் போட்டு வையுங்கோ, மறந்து போவியள்' எண்டா. நான் சும்மா இருக்கமாட்டாமல் 'செவ்வாய்க்கிழமை புட்டும் மீன் குழம்பும்' எண்டு அவவின்ரை பேரிலை ஒரு வேலை போட்டு அனுப்பினன். அஞ்சு நிமிசத்திலை என்ரை பேரிலை பதினாலு வேலை வந்து விழுந்தது, எல்லாத்துக்கும் சிவப்புக் கொடி. பேஸ்மென்ற் துப்பரவாக்கவே நாலு நாள் போச்சுது.

இப்பிடி நான் பெரிய நிர்வாகியா வளந்து வாற நேரம், மே மாதம் வந்துது. எங்கடை கோயில் பங்கிலை மே முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாப் போறது உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு வீடு, பின்னேரம் ஏழு மணிக்குச் செபமாலை, பேந்து சாப்பாடு, அடுத்த நாள் அந்த வீட்டிலையிருந்து மற்ற வீட்டுக்கு. பத்தொன்பது வருசமா உந்த ஒழுங்கைச் சீமோன் அண்ணைதான் கலண்டருக்குப் பின்பக்கம் பென்சிலாலை எழுதி நடத்தினவர். இந்த வருசம் கண் தெரியேல்லை எண்டு விட்டிட்டார். நான் குதிச்சுப் போய், 'பென்சிலும் வேண்டாம் கலண்டரும் வேண்டாம், முப்பத்தொரு வீட்டையும் போனிலை ஏத்தித் தாறன்' எண்டு கோயில் வாசலிலை வைச்சுச் சொல்லிப்போட்டன். சீமோன் அண்ணை என்னைப் பாத்து, 'தம்பி, உந்தப் போனை நம்பி மாதாவைத் துலைச்சுப் போடாதை' எண்டார். எனக்கு ரோசம் வந்திட்டுது. நடாஷாவைக் கொண்டு எல்லாரின்ரை போனிலையும் அந்த ஆப்பைப் போடுவிச்சு, ஆரும் பாக்கலாம், ஆரும் திருத்தலாம் எண்டு திறந்து விட்டன். எங்கடை சங்கங்களிலை இல்லாத சனநாயகம் அக்கா!

பதினோரு நாள் மணி மாதிரி ஓடிச்சுது. பன்னிரண்டாம் திகதி றிச்சர்ட்டின்ரை முறை. மாதாவைக் கொண்டுபோய்க் குடுக்கிறது என்ரை பொறுப்பு. நான் நைசா அதை வேரோனிக்காவின்ரை பேருக்கு மாத்தினன், அவ கண்ணை இமைக்க முந்தித் திருப்பி என்ரை பேருக்கு மாத்தினா. நாலு தரம் போய் வந்துது. கடைசியிலை மாதாவை முன் சீற்றிலை இருத்தி, சீற் பெல்ற்றும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன். ஸ்ரௌவ்வில் புது வீடுகள் எல்லாம் ஒரே அச்சு, நான் ஒரு நாளும் போகாத இடம், மூண்டு தரம் சுத்தி வந்தன். அவன் வாசலிலை நிண்டான். தலை முழுக்க நரைச்சுப் போச்சுது அக்கா, ஆரோ கிழவன் எண்டெல்லே நினைச்சன். மாதாவைக் கையிலை குடுத்திட்டு, திரும்பி வந்து காருக்குள்ளை இருந்துகொண்டு, கண்ணாடியை இறக்கி விட்டுச் செபமாலை சொன்னன். அவன்ரை மனிசி நிரோஷினி ஒரு கோப்பையிலை ரோல்ஸ் கொண்டுவந்து தந்தவள். கனடாவிலை டிரைவ் துறூ செபமாலை சொன்ன முதல் ஆள் நான்தான்.

அடுத்த நாள் ரூஜ் பக்கம் லக்சிகா வீட்டு முறை. லக்சிகா நாப்பது பேருக்கு இடியப்பம் அவிச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறாள். ஏழு மணிக்கு எல்லாற்றை போனும் டிங் எண்டு அடிச்சு, 'றிச்சர்ட் வீடு' எண்டு காட்டுது! பாத்தால் றிச்சர்ட்டின்ரை முறைக்குப் பக்கத்திலை 'ஒவ்வொரு நாளும்' எண்டு கிடக்கு. என்ரை இந்தத் தடிச்ச விரல் எங்கையோ பட்டிட்டுது போலை. பாதிச் சனம் ரூஜிலை மாதா இல்லாமல் நிக்குது, பாதிச் சனம் ஸ்ரௌவ்வில்லிலை மாதாவோடை நிக்குது. எனக்கு அடிக்கு மேலை அடி போன். மாதா இருக்கிற இடத்துக்குத்தானே சனம் போகும்? லக்சிகாவும் இடியப்பத்தைத் தூக்கிக்கொண்டு அங்கை வந்திட்டாள். ஏசப் போறாள் எண்டு பயந்தன், அவள் என்ரை காதுக்குள்ளை வந்து, 'அங்கிள், சத்தியமாச் சொல்லுறன், வீடு கூட்டித் துடைக்காமல் தப்பினன், நன்றி' எண்டாள்! மற்ற வீட்டுப் பொம்பிளையளுக்கும் கதை போயிட்டுது. எல்லாரும் சமைச்சுக்கொண்டு அங்கையே வரத் துவங்கிச்சினம். சீமோன் அண்ணை மட்டும் மூலையிலை இருந்து சிரிக்கிறார். நான் விடுவனோ? எழும்பி நிண்டு, 'இந்த வருசம் கார் விட இடவசதி கருதி இப்பிடித்தான் ஒழுங்கு செய்திருக்கு' எண்டு அறிவிச்சுப்போட்டன். சொன்னாப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் போகத்தானே வேணும். பிழையைத் திருத்தப் பாத்தனான் அக்கா, பொய் சொல்லேல்லை. அழிக்கப் போனால் ஆப் கேக்குது: 'இதை மட்டுமோ, இனி வாறது எல்லாத்தையுமோ?' எல்லாத்தையும் எண்டு அமத்தி, மாதாவின்ரை மாதமே அழிஞ்சு போனால் ஆர் பொறுப்பு? 'இதை மட்டும்' எண்டு அமத்துவன். விடிஞ்சால் அடுத்தது வந்து நிக்கும்.

மூண்டாம் நாள் உள்ளுக்குப் போய்ச் சப்பாத்துகளுக்குப் பக்கத்திலை இருந்தன். நாங்கள் நேர கதைக்கேல்லை. ஆனா செபமாலைக்குப் பிறகு மன்றாட்டு வருமெல்லே, அதிலை உவன் துவங்கினான்: 'கூப்பிட்ட வீட்டுக்கு வராமல் ஏழு வருசமா முகத்தைத் திருப்பிக்கொண்டு திரியிறவையின்ரை கல்லு நெஞ்சை இளக்கியருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.' நாப்பது சனமும், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!' எனக்குக் கொதி ஏறிச்சுது. நானும் எழும்பி, 'கூடப்பிறந்தவனை நேர வந்து கூப்பிட நேரமில்லாமல் குறூப் மெசேச் அனுப்புறவைக்கு நல்ல புத்தியைத் தந்தருள வேண்டுமென்று' எண்டன். சனம், 'கேட்டருளும்!' இப்பிடி நாலு நாள் ஆண்டவரை நடுவிலை வைச்சுச் சண்டை பிடிச்சம். அஞ்சாம் நாள் குசினிக்குள்ளை இருந்து நிரோஷினியின்ரை குரல் வந்துது: 'இந்த ரெண்டு பேருக்கும் இடையிலை கிடந்து மாயிற பொம்பிளையளுக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.' வேரோனிக்கா கேட்டருளும் எண்டு கத்தின கத்திலை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் யன்னலைத் திறந்து பாத்தவன்.

அண்டைக்கு முழங்காலிலை இருந்திட்டு எனக்கு எழும்ப ஏலாமல் போச்சுது. உங்கடை முழங்கால்தானே எனக்கும். ஆரோ பின்னாலை வந்து கமக்கட்டுக்குள்ளை கை குடுத்துத் தூக்கினது, திரும்பினால் றிச்சர்ட். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, 'இருங்கோ அண்ணை' எண்டான். ஏழு வருசத்துக்குப் பிறகு அண்ணை எண்ட சொல்லைக் கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது. அவனுக்கும் கண் கலங்கிப் போச்சுது. ரெண்டு பேரும் வெக்கப்பட்டு, உடனை வீடு சூடாக்கிற ஃபேர்னஸின்ரை பில்டரைப் பற்றிக் கதைச்சம். அதுக்குப் பிறகு செபமாலை முடிஞ்சாலும் நான் எழும்புறேல்லை. முப்பத்தோராம் திகதி மாதாவைத் திருப்பிக் கோயிலுக்குக் கொண்டு போகேக்கை, சுரூபத்தை வைச்சுத் தூக்கிற கூட்டின்ரை முன்பக்கம் நான், பின்பக்கம் அவன். சீமோன் அண்ணை வந்து என்ரை கையைப் பிடிச்சு, 'பத்தொன்பது வருசம் பென்சிலாலை எழுதினன், உது எனக்கு ஏலாமல் போச்சுதே' எண்டார்.

இன்னொரு அதிசயம் கேளுங்கோ. மே முடிஞ்சு ஒன்பது நாளாச்சுது, செபமாலையும் இல்லை, சனமும் இல்லை, ஆனா உந்த ஆப் விடுகுதில்லை! இண்டைக்கும் ஏழு மணிக்கு 'றிச்சர்ட் வீடு' எண்டு டிங் எண்டு அடிக்கும். அடிச்சால் போகத்தானே வேணும்? போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். ஆப் சொல்லுறதைக் கேட்டு நடந்தால் மனிசன் உருப்படுவான் எண்டு காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறன். நீங்களும் ஒரு போன் வாங்கி இதைப் போடுங்கோ, கோழிக்குத் தீன் போடுறதுக்கும் டிங் அடிக்கும்.

நிரோஷினியின்ரை தாய் வெள்ளிக்கிழமை மன்னாருக்கு வாறா, அவவிட்டைத்தான் இந்தக் கடிதத்தைக் குடுத்து விடுறன். இண்டைக்குப் பின்னேரம் றிச்சர்ட்டின்ரை கையிலை குடுப்பன். உறையை ஒட்டேல்லை, அவனுக்கும் ஏதும் எழுத இருந்தால் எழுதட்டும், ஆனா மற்றவையின்ரை கடிதத்தை வாசிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். ஊரிலை உள்ள எல்லாருக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கோ. மருதமடு மாதா உங்கடை முழங்காலையும் என்ரை முழங்காலையும் சேத்துப் பாத்துக்கொள்ளட்டும். ரிக்கற் போட்ட உடனை திகதியை அறிவியுங்கோ, போனிலை ஏத்த வேணும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசீரை என்றும் வேண்டும் தம்பி,
அ. அலெக்ஸாண்டர்

பி.கு.: அக்கா, இது றிச்சர்ட். முழுக்க வாசிச்சுப்போட்டன். அண்ணையின்ரை விரல் எங்கையும் படேல்லை. பன்னிரண்டாம் திகதி அவர் காருக்குள்ளை இருந்து செபமாலை சொல்லுறதை நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். நாளைக்கு மாதா போயிட்டால் இந்த மனிசன் இனி எந்தக் காலத்திலை இந்தப் பக்கம் வரப்போறார் எண்டு ஒரு பயம் வந்திட்டுது. ஆரும் திருத்தலாம் எண்டு திறந்து விட்டிருந்தவர்தானே. 'ஒவ்வொரு நாளும்' எண்டு நான்தான் அமத்தினனான். மாதம் முடிய, முப்பத்தோராம் திகதியே 'எல்லாத்தையும்' எண்டு அமத்தி அழிச்சும் போட்டன். ஒன்பது நாளா அவற்றை போனிலை என்ரை வீடு இல்லை அக்கா, ஒண்டும் அடிக்கிறேல்லை. நீங்கள் வாங்கோ, எயாப்போட்டுக்கு ரெண்டு பேரும் வருவம். இதை மட்டும் அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. இண்டைக்கும் சரியா ஏழு மணிக்கு வந்து, 'என்ன செய்யிறது தம்பி, ஆப் விடுகுதில்லை' எண்டு சொல்லிக்கொண்டு சப்பாத்தைக் கழட்டினார். 'ஓம் அண்ணை, உது சரியான பொல்லாத ஆப்' எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைச்சனான்.