ஒரு மண்டலம் முந்திக் கட்டிய காப்பு

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் டுரியான் துங்காலிலிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்கு நாலு நாள் நடந்தே போவது என்று தீர்மானித்துவிட்டேன். ஊருக்குச் சொன்ன காரணம், முருகன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், புஷ்பலீலா.

புஷ்பலீலா என் மனைவி. நல்லவள். என்னைத் திட்டவே மாட்டாள். நினைவூட்டுவாள், அவ்வளவுதான். கேட்டைச் சாத்துங்க. செருப்பை அந்தப் பக்கம் போடுங்க. விசிறியை நிறுத்துங்க. கல்யாணமான நாளிலிருந்து நினைவூட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு மறதி வருவதற்கே அவள் இடம் கொடுத்ததில்லை. நாலு நாள், நாலே நாள், யாரும் எதையும் நினைவூட்டாமல் நான் பாட்டுக்கு ரோட்டோரமாக நடக்க வேண்டும். முருகனிடம் நான் கேட்கவிருந்த வரமே அதுதான்.

ஆனால் அவளிடம் அனுமதி கேட்டால் என்ன வரும் என்று தெரியும். "சீனி வியாதி இருக்கு, முட்டி வலி இருக்கு, பசாருக்கே கார்லதான் போறீங்க. பத்துமலையாம்!" ஆகவே கேட்காமலே காரியத்தை முடிப்பது என்று திட்டம் போட்டேன். முதலில் காப்புக் கட்டிக்கொண்டுவிடுவது. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் நான் புருஷன் இல்லை, சாமி. சாமியைத் தடுப்பது மகா பாவம். எப்பேர்ப்பட்ட மூளை எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன்.

நடைக்குழுவை நடத்தும் சாமிக்கண்ணு அண்ணன்தான் தயங்கினார்.

"எல்லாரும் கடைசி வாரத்துலதான் கட்டுவாங்க, பெரியதம்பி. ஒரு மண்டலம் முன்னுக்கே எதுக்கு?"

"பக்திண்ணே. அடக்க முடியல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பூசாரியைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னார்.

கையை முன்னால் நீட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். சண்டைக்கு முழுத் தயார். புஷ்பலீலா கயிற்றைப் பார்த்தாள். குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்ல காரியம், சாமி," என்றாள்.

வென்றுவிட்டேன். படுக்கப் போகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனால், அறைக்கதவு சாத்தியிருந்தது. ஹாலில் ஒரு பாய் கிடந்தது.

"என்ன லீலா இது?"

"விரதம் இருக்குற சாமி மெத்தையில படுக்கக்கூடாது."

"தலகாணியாவது குடு."

"அதுவும் மெத்தைக்குத் தங்கச்சிதான், சாமி."

"ஏர்கோன் ரூம்லதானே இருக்கு?"

"முருகன் கோவணத்தோட மலைமேல நிக்கிறாரு. உங்களுக்கு ஏர்கோன் கேக்குதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "சாமி கோவப்படக்கூடாது" என்றாள். மூடிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து விதிகள் வீட்டுக்குள் மழையாகக் கொட்டின. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல். சாமி தன் துணியைத் தானே துவைக்க வேண்டும். இரண்டாம் வாரம் அவள் துணியும் என் வாளிக்கு வந்து சேர்ந்தது. சாமி கை பட்டால் புண்ணியமாம். சாமி குடியிருக்கும் வீட்டில் ஒட்டடை ஆகாது என்று ஏணியில் ஏற்றினாள். காரைத் தொடவே விடவில்லை.

"நடக்கப் போற சாமிக்கு காரு எதுக்கு? பசாருக்கு நடந்தே போங்க. அரிசி மூட்டைய தோள்ல வெச்சிக்குங்க. சுமையோட நடந்து பழகுனாத்தான்லா காலு உறுதியாகும்."

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அசரவில்லை. பூசணிக்காயைத் தலையில் சுமந்து வரும்போதுகூட 'நாலு நாள், நாலு நாள்' என்று மந்திரம்போல் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஒரு நாள் மட்டும் மனம் தளர்ந்தது. நடைப் பயிற்சி என்று சொல்லிவிட்டு, பசியாற ஹனீஃப் கடைக்குள் நுழைந்தேன். மீன் கறி வாசம் என்னைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தது.

"ரெண்டு ரொட்டி சானாய், பாய். மீன் கறி கொஞ்சம் தாராளமா."

ஹனீஃப் ஒரு தோசையைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் சட்டினி.

"நான் கேட்டது இது இல்லையே பாய்."

"அண்ணி போன்ல கோல் பண்ணிட்டாங்கண்ணே. நான் மட்டும் இல்ல, பக்கத்து ஊரு செங் வரைக்கும் எந்தக் கடையிலயும் உங்களுக்கு மீன் கெடைக்காது."

தைப்பூசத்துக்குச் சில நாளே இருந்தபோது சாமிக்கண்ணு அண்ணன் வீட்டுக்கு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"சமைக்க வர்றதா சொன்ன ஆளு கைய விரிச்சிட்டான், சாமி. சாப்பாட்டு லோரி வரலன்னா வழியில யாரு சோறு போடுவா? இந்த வருஷம் விட்டுருவோம்."

ஒரு மண்டலம் பாய், பச்சைத் தண்ணீர், பூசணிக்காய்! எல்லாம் வீணா? நேராக அடுப்படிக்கு ஓடினேன்.

"லீலா, நீ எப்படியாவது ஒரு ஆள் பாத்துக் குடு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"சாமி என்னைக் கும்பிடலாமா? கவலைய விடுங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் முகத்தில் அப்படியொரு சாந்தம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே? நான்தான் நாலு நாளைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்தேனே.

புறப்படும் நாள் வந்தது. அவள் வழியனுப்பக்கூட வரவில்லை, வேலை இருக்கிறதாம். சந்தோஷத்தை மறைக்க நான் பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும். வெளுக்கும் நேரத்தில் கோயிலைச் சுற்றிவிட்டு ரோட்டில் இறங்கினோம். எல்லோருக்கும் முன்னால் நான். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். குளிர்ந்த காற்று. ஒருவரும் பேசவில்லை. வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியை நான் அனுபவித்ததில்லை. கொஞ்ச தூரம்தான்.

பின்னால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம்.

"முன்னுக்குப் போற பெரியதம்பி சாமி, சீனி மாத்திரை போட்டாச்சா?"

திரும்பிப் பார்த்தேன். சாப்பாட்டு லோரி மெல்ல ஊர்ந்து வந்தது. டிரைவர் பக்கத்தில் புஷ்பலீலா. கையில் மைக். கூரையில் ஒலிபெருக்கி.

"போட்டாச்சா சாமி?" என்று பக்தர்கள் அத்தனை பேரும் என்னைக் கேட்டார்கள்.

"நீ எங்க இங்க?" என்று கத்தினேன்.

"நீங்கதானே ஆள் பாக்கச் சொன்னீங்க," என்றது ஒலிபெருக்கி. "துண்ட தலையில போடுங்க. ரோட்டுல போட்ட வெள்ளக் கோட்டத் தாண்டி நடக்காதீங்க. வேட்டிய கொஞ்சம் தூக்கிக் கட்டுங்க, சாமி."

தூக்கிக் கட்டினேன். வேகத்தைக் குறைத்து, சாமிக்கண்ணு அண்ணன் பக்கத்தில் போய் ரகசியமாகக் கேட்டேன்.

"அண்ணே, அந்த மைக்குக்கு பேட்டரி எவ்வளவு நேரம்லா தாங்கும்?"

அவர் என் தோளில் ஆதரவாகத் தட்டினார்.

"கவலையே படாதீங்க, சாமி. லோரி ஓட ஓட அது சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கும்."