இடப்பக்க ஸ்பீக்கர்

"இடப்பக்கம் சத்தம் கம்மியா இருக்கே, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கேக்குது" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"நல்லாக் கவனி. வலப்பக்கம் ஆளு எதிர்ல நின்னு பாடற மாதிரி இருக்கு. இடப்பக்கம் அடுத்த தெருவுல நின்னு பாடற மாதிரி இருக்கு."

"அப்படிங்களா? உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அவள் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மனிதர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

போதாக்குறைக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள். இருபது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் மனைவி அவரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கடைக்கு வருகிற முன்பின் தெரியாதவர்களிடம்கூட இதைச் சொல்லாமல் அவர் அனுப்புவதில்லை. "எங்க வீட்டுல சண்டைங்கிற பேச்சே கிடையாது சார். தங்கமான பொண்ணு!" என்பார். வாசலில் வாக்குவாதம் பண்ணிக்கொண்டே உள்ளே வந்த எத்தனையோ புருஷன்மார்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள்.

அந்தத் தங்கத்துக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? பிறந்த வீட்டிலிருந்து வரும்போது அவள் ஆசையாக ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்திருந்தாள். போட்டுக் கேட்கக் கருவி இல்லாமல் அது பரணில் கிடந்தது. அதற்காகத்தான் இந்த ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. ஞாயிறு சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாரும் வரும்போது அந்தப் பாட்டை அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இருபது வருஷ நிம்மதிக்கு ஒரு பாட்டு. அதுவும் ஒரு பக்கம் நொண்டியாகக் கேட்டால் எப்படி?

முதலில் ஒயரைச் சந்தேகப்பட்டார். இடப்பக்க ஒயரைக் கழற்றி, முனையைப் புதுசாகச் சீவுகிறேன் என்று காய் நறுக்கும் கத்தியை எடுத்தார். சீவினார், சரியில்லை. இன்னும் கொஞ்சம் சீவினார். கடைசியில் ஒயர் பாதியாகிவிட்டது. ஸ்பீக்கர் இருக்கும் இடம்வரை எட்டவில்லை. ஒயர் வராவிட்டால் ஸ்பீக்கர் வரட்டும் என்று ஸ்பீக்கரை இழுத்தார். ஸ்பீக்கர் நகர்ந்ததால் சோபாவை நகர்த்த வேண்டியதாயிற்று. சோபா போய்ப் படுக்கையறைக் கதவை முக்கால்வாசி மறைத்துக்கொண்டது.

"உள்ள எப்படிங்க போறது?" என்று கேட்டாள் மனைவி.

"ஒருக்களிச்சுப் போனா போகலாம். நாலு நாள் பொறுத்துக்க."

"சரிங்க, உங்க இஷ்டம்."

ராத்திரி சாப்பிட்டபின் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஏதோ ஒரு தட்டு ஓடியது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, பாட்டோடு சேர்ந்து மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட்டு இவ்வளவு பிடிக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு மனசு நெகிழ்ந்தது. ஆனால் இடப்பக்கம் மட்டும் இன்னும் அடுத்த தெருவிலேயே இருந்தது.

மறுநாள் ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். வலப்பக்கப் பெட்டியை இடுப்போடு அணைத்துத் தூக்கி வருகையில் கண்ணாடி அலமாரி குறுக்கே வந்தது. அலமாரி எங்கேயும் வரவில்லை, இவர்தான் போனார். கதவுகளில் ஒன்று சிலீரென்று உடைந்து கொட்டிவிட்டது.

"கையில கிழிச்சுக்கிட்டீங்களா?" என்று மனைவி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

"கை கிடக்கட்டும். இப்ப கேளு, எந்தப் பக்கம் கம்மி?"

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"இல்லவே இல்ல! இப்பவும் இடப்பக்கந்தான்! நேத்து வலப்பக்கம் கணீர்னு கேட்ட அதே பெட்டி, இந்தப் பக்கம் வந்ததும் வாயை மூடிக்கிச்சு பாரேன்!"

பெட்டியில் குற்றமில்லை என்றால் அறையில்தான் குற்றம். இது அவருடைய அடுத்த தீர்ப்பு. இடப்பக்கச் சன்னலில் தொங்கிய திரைதான் சத்தத்தை விழுங்குகிறது என்று அதைக் கழற்றினார். எதிர்வீட்டுக் குடும்பம் மொத்தமும் இவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க ஆரம்பித்தது. வலப்பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கலாம் என்று படுக்கையறை மெத்தையைக் கொண்டுவந்து வலது சுவரில் ஆணியடித்து மாட்டினார். அன்று முதல் இருவரும் வெறும் கட்டிலில் படுத்தார்கள். அதுவும் பலிக்காமல் போகவே, எல்லாவற்றையும் தூக்கி எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனார். இதில் டி.வி. அடுப்படிக்குக் குடிபெயர்ந்தது. சாப்பாட்டு மேசை நிமிர்ந்து சுவரில் சாய்ந்தது. வீடே தலைகீழானபிறகும், வடக்கே பார்த்து உட்கார்ந்தாலும் இடப்பக்கம் கம்மி, தெற்கே பார்த்து உட்கார்ந்தாலும் இடப்பக்கம் கம்மி.

இவ்வளவுக்கும் மனைவி வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரியானால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாட்டோடு முணுமுணுப்பாள், அவ்வளவுதான். இப்போதெல்லாம் பாட்டு முடிந்து தட்டு நின்றபிறகும் கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். 'வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிருப்பா' என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. இவளுக்காகவாவது அந்தப் பாழாய்ப்போன ஸ்பீக்கரைச் சரி பண்ணியே தீர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாமியார் வந்து இறங்கினார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, வீடு காலி பண்றீங்களா?"

"இல்ல அத்தை, பாட்டுக் கேக்கறோம்."

மாமியார் மெத்தையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு ஒருக்களித்துக்கொண்டு உள்ளே போனார். "நீ எப்படிடீ சமாளிக்கிறே?" என்று அடுப்படியில் அவர் கேட்டது ஹால்வரை வந்தது. "அதெல்லாம் பழகிடுச்சும்மா" என்றாள் மகள்.

சனிக்கிழமை மெக்கானிக் வந்தார். ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினார், ஊதினார், மீட்டரை வைத்துப் பார்த்தார், மூடியை மாட்டினார்.

"ஒரு கோளாறும் இல்ல சார். ரெண்டும் ஒரே அளவுதான் வருது."

"என்னய்யா சொல்றீங்க? எனக்குக் கேக்கலைங்கறேன்!"

"எனக்குக் கேக்குதே சார்."

"பெட்டி உங்களுதா, என்னுதா?"

மெக்கானிக்குக்கு வேறு வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது. ஆகவே இரு பக்கச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் திருகை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனார். "போதுமா சார்?" "இன்னும்." "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." "இதுக்கு மேல திரும்பாது சார்." "ஆங்! அப்படி வாங்க வழிக்கு. இப்பத்தான் கிட்டத்தட்டச் சமமா இருக்கு!"

சமமாக இருந்தது அவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு வலது ஸ்பீக்கர் ஊமை, இடது ஸ்பீக்கர் இடி. அலமாரியில் மிச்சமிருந்த கண்ணாடிக் கதவு கிடுகிடுத்தது. மாமியார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போய் உட்கார்ந்தார். மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "சார், யாராவது தவறிட்டாங்களா?" என்று மரியாதையாக விசாரித்தார்.

கண்ணாடிக்காரர் உடைந்துபோனார். திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

ஞாயிறு காலை மனைவியின் தட்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அருமையான பாட்டு. அதே இடப்பக்கம், அதே அடுத்த தெரு. கடைசி முயற்சியாக மெக்கானிக்குக்குப் போன் பண்ணினார். எப்போதும் போலப் போனை வலது காதில் வைத்து அமுக்கிக்கொண்டார். பாட்டு நின்றுவிட்டது.

"போச்சு! இப்ப ரெண்டு பக்கமும் போச்சு!" என்று அலறினார்.

"என்ன சார் ஆச்சு?" என்றது மெக்கானிக்கின் குரல்.

தட்டைப் பார்த்தார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. போனைக் காதிலிருந்து எடுத்தார், பாட்டு வந்தது. மறுபடி காதில் வைத்தார், பாட்டு போயிற்று.

"தம்பி, உங்ககிட்ட பேசினா பாட்டு நின்னுடுது! பேசலைன்னா பாடுது!"

"போன் அலை தடுக்குதோ என்னவோ சார். நீங்க தெருவுல போய் நின்னு பேசிப் பாருங்களேன்."

தெருவுக்குக் கிளம்பியவர் வாசல்படியில் சட்டென்று நின்றார். தினமும் கடையில் நூறு தரம் சொல்கிற வார்த்தை அவர் வாயிலேயே வந்தது. "ஒரு கண்ணை மூடுங்க." போனை வைத்துவிட்டு ஹாலுக்குத் திரும்பி வந்தார். வலது காதை விரலால் அடைத்தார், நிசப்தம். இடது காதை அடைத்தார், கணீர். தட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். இப்போது வலது ஸ்பீக்கர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. ஹால் நடுவில் மெல்லச் சுற்றிச் சுற்றி வந்தார். மாமியார் கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் காது டாக்டர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார். போய் உட்கார்ந்ததும் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர் சீட்டியடித்தார்.

"என்ன சார் இது, உள்ள ஒரு தலையணையே இருக்கு! இந்தப் பஞ்சு எப்ப வெச்சது?"

"பஞ்சா? நீச்சல் கத்துக்கப் போனப்ப தண்ணி போகக்கூடாதுன்னு வெச்சேன். எடுத்துட்டேன்னு நெனைச்சேன்..."

"எப்ப கத்துக்கிட்டீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாலங்க."

டாக்டர் தண்ணீர் பீச்சினார், இடுக்கியை விட்டார், ஏதோ ஒன்றை இழுத்துத் தட்டில் போட்டார். 'பொளக்' என்று ஒரு சத்தம். இடப்பக்க உலகம் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தது. மின்விசிறி, வாசலில் யாரோ செருமுவது, டாக்டரின் கைக்கடிகாரம். கண்ணாடிக்காரர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. மெத்தை படுக்கையறைக்குப் போயிற்று, மேசை நான்கு காலில் நின்றது, திரை மாட்டப்பட்டது. மனைவி ஆச்சரியமாகப் பார்த்தாள். "சாயங்காலம் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் ஹாலை நிறைத்தார்கள். கண்ணாடிக்காரர் தட்டைத் துடைத்து, ஊசியை இறக்கி, சோபாவில் வந்து உட்கார்ந்தார். மனைவி வழக்கம்போல் இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தண்டை, நாற்காலியில் மாமியார். பாட்டு ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக, பாடகி நட்டநடுவில் வந்து நின்று பாடினாள். ஒருவரும் அசையவில்லை. பாட்டு முடிந்தபோது மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப நல்லாருந்துச்சுங்க" என்றாள். இருபது வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேளுங்க. இந்த வாரம் பூரா வீட்டை இந்தப் பாடு படுத்தினேனே, பெட்டியில ஒரு கோளாறும் இல்ல! என் இடது காதுதான் அடைச்சுக் கிடந்திருக்கு. கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே! அந்தப் பக்கம் யாராவது மெல்லப் பேசினா எனக்கு ஒண்ணுமே கேட்டிருக்காது, அதுகூடத் தெரியாம இருந்திருக்கேன் பாருங்க. இன்னிக்குத்தான் டாக்டர் எடுத்தாரு. இனிமே இந்தப் பக்கம் குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். மனைவி மட்டும் தட்டவில்லை. அவள் முகம் வெளுத்துக்கிடந்தது. அவர் பெருமையோடு உட்கார்ந்தார். அப்போது மாமியார் குனிந்து, மகளின் காதோரம், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"போச்சுடி! இத்தனை வருஷமா மாப்பிள்ளையை அந்தக் காதுலதானே திட்டித் தீர்த்துக்கிட்டு வந்தே... இனிமே என்னடி பண்ணுவே?"